பிஸ்கட் டின்னுக்குள் என்ன இருக்கிறது?

நேயர்களே, இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு மாகஸின். பயப்படாதீர்கள், இது வெடிக்காது. மிஞ்சிப் போனால் தொடர்கதையின் கடைசி வரியில் கதாநாயகி மயங்கி விழுவாள். அடுத்த வாரம் எழுந்து உட்கார்ந்து விடுவாள்.

ஆனால் துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கிச் செருகுகிற கூட்டுக்கும் மாகஸின் என்றுதான் பெயர். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது எப்படி என்று கேட்கிறீர்களா? அரபு மொழியில் 'மக்ஸன்' என்றால் பண்டகசாலை, கிடங்கு. அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போய், வெடிமருந்து வைக்கிற கிடங்குக்கு ஆகி, பிறகு துப்பாக்கிக்குள் தோட்டா இருக்கும் கூட்டுக்கும் ஆயிற்று. 1731-ல் லண்டனில் எட்வர்ட் கேவ் என்பவர் பலதினுசுக் கட்டுரைகளை அடைத்து ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். 'ஜென்டில்மன்ஸ் மாகஸின்' என்று அதற்குப் பெயர் வைத்தார். அன்றிலிருந்து பத்திரிகையும் மாகஸின் ஆகிவிட்டது.

ஆக, மாகஸின் என்றால் கிடங்கு. கிடங்கு என்றால் கணக்கு வேண்டும். எந்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று சீட்டு வேண்டும். இது மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். நம் வீடுகளுக்குத்தான் தெரிவதில்லை. நம் அடுக்களையைப் பாருங்கள்: ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு, காப்பித்தூள் டப்பாவில் வெந்தயம், சாக்லேட் டப்பாவில் ஊசியும் நூலும். எதில் எது என்பது வீட்டு எஜமானி ஒருத்திக்குத்தான் வெளிச்சம். அவள் பிறந்தகம் போன நான்காம் நாள், சாம்பாரில் பருப்புக்குப் பதில் வேறு எதுவோ வெந்து கொண்டிருக்கும்!

சாம்பாரானால் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒரு டப்பாவைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

*

குற்றால சீசனில் குளிக்கப் போனவன், உறவுமுறை விசாரிக்க அச்சன்புதூருக்கும் போனேன். தென்காசி ஜில்லாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிற ஊர். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று, வீட்டுத் திண்ணைவரை சாரலைக் கொண்டு வந்து தெளிக்கும். சுற்றிலும் வயல், தோப்பு. வயல் முடிகிற இடத்திலிருந்து மலை அதிக தூரமில்லை. பக்கத்து வடகரை, மேக்கரைப் பகுதிகளில் யானை இறங்கித் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போகும் செய்தி அடிக்கடி வரும். பன்றிகளோ கேட்கவே வேண்டாம். இராத்திரி காவலுக்குப் போகிறவனுக்குத் தீப்பந்தம், தகர டப்பா, பட்டாசு இவைதான் துணை. இப்படிப்பட்ட மலையடிவாரங்களில் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்த சம்சாரிகள் உண்டு. (லைசென்ஸ் இருப்பதால் மிருகத்தைச் சுட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. அதற்கு 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.)

நான் போன வீட்டிலும் அப்படி ஒரு துப்பாக்கி இருந்தது. 'இருந்தது' என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர் தேர்தல் சமயத்தில் எல்லாரையும் போல அதைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தார். தேர்தல் முடிந்தது. துப்பாக்கியைத் திரும்ப வாங்குவதற்குள் பெரியவர் காலமாகிவிட்டார். ஆச்சியும் பிள்ளைகளும் அதைப் பற்றி அப்புறம் நினைக்கவே இல்லை. "அதான் துப்பாக்கி ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கே ஐயா" என்றார் ஆச்சி.

நாங்கள் திண்ணையில் பேசிக் கொண்டிருந்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த எட்டு வயதுப் பேரன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

"ஆச்சி, சுத்தியல் எங்க இருக்கு?"

"சுத்தியல் எதுக்குலே?"

"பட்டாசு உடைக்கணும்!"

தீபாவளிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே என்று எழுந்து உள்ளே போனேன். பரண் அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் திறந்து கிடந்தது. டின்னின் மேலே சிரித்த முகத்தோடு ஒரு குழந்தைப் படம். தரையில், பட்டாளம் அணிவகுத்த மாதிரி இரண்டு வரிசை. ஒரு வரிசையில் சிவப்பாகப் பதினேழு. இன்னொரு வரிசையில் மஞ்சளாக நான்கு. அத்தனையும் துப்பாக்கித் தோட்டாக்கள்! பையன் ஒன்றைக் கையில் எடுத்துப் பித்தளை அடிப்பாகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தான். அதன் நடுவில் சின்னப் பொட்டு மாதிரி ஒரு மூடி இருக்கும். அதைத்தான் கேப் என்பார்கள். அதில் ஓர் அடி விழுந்தால் போதும், உள்ளே மருந்து பற்றிக் கொள்ளும். துப்பாக்கியின் இரும்புக் குழல் இல்லாமல் வெளியில் வெடித்தால், தோட்டாவின் கூடே கிழிந்து பித்தளைச் சில்லுகளாகப் பறக்கும். கண் போக அது போதும்.

அவன் கையிலிருந்ததை நைச்சியமாக வாங்கிக் கீழே வைத்தேன். என் கைதான் நடுங்கியது. அவன் கை நடுங்கவில்லை. அவனுக்கென்ன தெரியும்? டின்னின் மேல் 'பிஸ்கட்' என்று எழுதியிருந்தது. உள்ளே பிஸ்கட் இல்லை. பட்டாசு மாதிரி ஏதோ இருந்தது. பையன் மேல் என்ன தப்பு? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் முதலில் கை வைக்கிற டின் அதுதானே?

*

அடுத்த தெருவில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஹவில்தார் இருக்கிறார். ஊருக்கெல்லாம் அவர் 'பட்டாளத்து அண்ணாச்சி'. ஆள் அனுப்பியதும் வந்தார். வந்தவர் எதையும் தொடவில்லை. முதலில் பையனைத் தோப்புக்கு அனுப்பினார். அறைக் கதவைச் சாத்தினார். பிறகு குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றின் அடிப்பாகத்தையும் படித்தார்.

"அக்கா, இதுல ரெண்டு சாதி கலந்து கிடக்கு, தெரியுமா?" என்றார்.

"மஞ்சள் எல்லாம் எங்க மாமனார் காலத்துது தம்பி. அந்தத் துப்பாக்கிய எப்பவோ குடுத்தாச்சே!"

அந்த இரண்டு சாதி விஷயத்தை அண்ணாச்சி எனக்கு விளக்கினார். உங்களுக்கும் சொல்கிறேன். தோட்டாத் துப்பாக்கிகளில் '12 போர்', '20 போர்' என்று சொல்கிறார்களே, அது அங்குலக் கணக்கு அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாகச் செய்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாக இருக்குமோ அது 12 போர். இருபது உருண்டைகளாகச் செய்தால் உருண்டை சிறுக்கும். அந்தக் குழல் 20 போர். எண் பெரிதானால் குழல் சிறிது!

இப்போது அபாயத்தைக் கேளுங்கள். சிறிய 20 போர் தோட்டாவைத் தவறிப் போய்ப் பெரிய 12 போர் துப்பாக்கியில் போட்டால், அது வாயிலில் நிற்காமல் உள்ளே வழுக்கிப் போய்க் குழலின் நடுவில் சிக்கிக் கொள்ளும். பார்க்கிறவருக்குத் தோட்டா போடாதது மாதிரியே இருக்கும். 'அடடா, மறந்து விட்டோம்' என்று இன்னொரு 12 போர் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டால், குழல் அடைபட்டு, இடது கை பிடித்திருக்கும் இடத்திலேயே வெடிக்கும். இந்த ஒரு விபத்துக்குப் பயந்துதான் 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது என்று பல தேசத்துக் கம்பெனிகளும் வழக்கமாக்கிக் கொண்டன. ஆனாலும் பழைய சரக்கில் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. அடியில் பொறித்த எண்ணைப் படிக்க வேண்டும்.

"கைத்துப்பாக்கியிலயும் இந்தக் குழப்பம் உண்டு" என்றார் அண்ணாச்சி. நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலைகள் .32 ரிவால்வரும் செய்கின்றன; .32 பிஸ்டலும் செய்கின்றன. எண் ஒன்றுதான், தோட்டா வேறு. ரிவால்வரில் தோட்டா உருளைக்குள் இருக்கும். பிஸ்டலில்தான் மாகஸின், கைப்பிடிக்குள் செருகி இருக்கும். செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டது அப்படிப்பட்ட பிரௌனிங் பிஸ்டலால்தான். வெறும் '.32' என்று மட்டும் எழுதி ஒட்டிய டப்பா, சீட்டு ஒட்டாத டப்பாவைவிட மோசம். சீட்டு இல்லாவிட்டால் யோசிப்போம். அரைகுறைச் சீட்டு இருந்தால் நம்பிவிடுவோம்.

*

ஆச்சியின் வீட்டு விஷயம் என்ன ஆயிற்று? அண்ணாச்சி ஒரு காகிதத்தில் எண்ணிக்கையை எழுதினார். "நாம தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்" என்று சொல்லி, ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். அவர்கள் சொன்னபடி டின் ஒப்படைக்கப்பட்டது. ஆச்சி ரசீது வாங்கிக் கொண்டார்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சட்டப் புள்ளி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1878-ஆம் வருஷ ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 1959-ஆம் வருஷத்துச் சட்டம். 1962 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் அந்த மனிதருக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. அவர் கண்ணை மூடினால், மிச்சமிருக்கும் ஒரே ஒரு தோட்டாவும் வீட்டில் இருக்கக் கூடாத பொருள். வீண் தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு ஒருவர் வேண்டுமானால் தம் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போடலாம்; அது கிடைத்த பிறகுதான் கை வைக்கலாம். ஆச்சிக்கு இது யார் சொல்லித் தெரியும்? துப்பாக்கி போய்விட்டது, விஷயம் முடிந்தது என்றுதான் அந்த வீடே நினைத்திருந்தது.

*

ஸ்டேஷனுக்குப் போகுமுன் அண்ணாச்சி தம் சொந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போனார். அவருக்கும் லைசென்ஸ் உண்டு. ஒரு 12 போர், ஒரு பிஸ்டல். (2019 டிசம்பர் முதல் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸின் ஆயுள் ஐந்து வருஷம்.) அவர் வைத்திருக்கும் ஒழுங்கைப் பார்த்தபோது, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கும் இப்படி ஓர் ஒழுங்கு வராதா என்று ஏக்கமாகி விட்டது. லைசென்ஸ் வைத்திருக்கும் நேயர்களும், அவர்கள் வீட்டுப் பெண்மணிகளும் கவனிக்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, துப்பாக்கி ஓரிடம், தோட்டா வேறிடம். இரண்டுக்கும் தனித் தனிப் பூட்டு. சாவியைக் காலண்டர் ஆணியில் மாட்டுவது பூட்டாததற்குச் சமம். கோபம் வந்த நிமிஷத்திலும், மனம் சோர்ந்த நிமிஷத்திலும் இரண்டு பூட்டைத் திறப்பதற்குள் புத்தி திரும்பி வர அவகாசம் கிடைக்கும்.

இரண்டாவது, மாகஸினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கவே கூடாது. ஏற்கெனவே ஒரு தோட்டா மேலே ஏறி, குழலின் வாயில் உட்கார்ந்திருக்கலாம். மாகஸினைக் கழற்றியபின், குழலையும் திறந்து கண்ணால் பார்த்து, விரலால் தடவி, பிறகுதான் பூட்ட வேண்டும். 'மாகஸின் வெளியே இருக்கிறதே' என்ற நம்பிக்கையில் விசையை அழுத்தி வந்த வினைகள் உலகமெங்கும் உண்டு.

மூன்றாவது, வீட்டில் மாகஸினைக் காலியாக வைப்பதே மேல். அண்ணாச்சியிடம் இரண்டு மாகஸின்கள் இருந்தன. அடியில் வெள்ளை வர்ணத்தால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தார். "ஒண்ணு மக்கர் பண்ணினா எது பண்ணிச்சின்னு தெரியணும்லா?" என்றார். ஒவ்வொன்றும் தனித் துணிப் பையில். பையின் மேல் எந்தத் துப்பாக்கிக்கு உரியது, காலி என்று பார்த்த தேதி என்ன என்று எழுதிய ஓர் அட்டை.

நான்காவது, தோட்டாவை அது வந்த அட்டைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். அதன் மேல்தான் எல்லா விவரமும் அச்சாகியிருக்கும். வேறு பெட்டிக்கு மாற்ற நேர்ந்தால், அந்த அட்டையை வெட்டி உள்ளே போட்டு வைக்க வேண்டும். அண்ணாச்சியின் சீட்டில் இருந்தவை: எத்தனை போர், தோட்டாவின் நீளம், ரவையின் அளவு, வாங்கிய தேதி, கடைசியாக எண்ணிய தேதியும் எண்ணிக்கையும். நீளம் எதற்கு என்கிறீர்களா? 65 மில்லிமீட்டருக்கென்று செய்த பழைய துப்பாக்கியில் 70 மில்லிமீட்டர் தோட்டா உள்ளே போய்விடும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். ரவை அளவிலும் ஒரு வேடிக்கை உண்டு. எல்.ஜி. என்பது பெரிய ரவை. 4, 6, 8 என்று எண் ஏற ஏற ரவை சிறுத்துக்கொண்டே போகும்.

ஐந்தாவது, ஈரம். இது தென்காசிப் பக்கத்துக்கென்றே சொன்னது. சாரல் காலத்தில் உப்பு ஜாடியே கசிகிறது; தோட்டா மட்டும் தப்புமா? இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு வைக்கலாம். தோல் பட்டையில் செருகியே வைத்தால் தோல் பதனிட்ட சரக்கு பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். பட்டை தோளில் போட மட்டும்தான், வைத்திருக்க அல்ல. எண்ணெய் பூசிப் பாதுகாக்கிறேன் என்று கிளம்பவும் கூடாது. எண்ணெய் கேப் வழியே கசிந்து மருந்தைக் கெடுக்கும். களிம்பேறியது, உப்பியது, கேப் நசுங்கியது எதையும் உபயோகிக்காமல் தனியே எடுத்து வைத்து ஒப்படைத்துவிட வேண்டும். அடுப்படி, விளக்கு மாடம் இரண்டும் ஆகாது.

ஆறாவது, கணக்கு. வியாபாரி எத்தனை விற்றாரோ அதை லைசென்ஸில் பதிவார். அதோடு நம் வீட்டு நோட்டும் பொருந்த வேண்டும். அண்ணாச்சி மாதம் ஒரு தடவை எண்ணுகிறார். எண்ணும்போது ஒன்று குறைந்தால் அன்றைக்கே தெரியும். பிஸ்கட் டின் வீட்டில் ஒன்று குறைந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஏழாவதை அண்ணாச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெளியே பேர் எழுதாதே, உள்ளே பேர் எழுதாம விடாதே." பீரோவின் வெளியே 'தோட்டா' என்று எழுதுவது திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைப்பது. ஆனால் பூட்டைத் திறந்தபின், உள்ளே ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும்.

*

அந்தப் பெட்டிக்குள் இன்னொரு சீட்டும் இருந்தது. மற்றவை எல்லாம் இங்கிலீஷில். இது மட்டும் பெரிய தமிழ் எழுத்தில், கொட்டை கொட்டையாக. "இதைத் தொட வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்பு. கதவைப் பூட்டு. ஸ்டேஷனுக்குப் போன் செய்" என்று எழுதி, கீழே ஸ்டேஷன் நம்பர்.

"இது யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கு இது எதுக்கு? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. இது எங்க வீட்டுக்காரிக்கு. நான் இல்லாத அன்னைக்கு அவதானே திறக்கணும்!"

அந்த அம்மாளும் பக்கத்தில்தான் நின்றார்கள். "எனக்குப் படிச்சுக் காட்டி, ரெண்டு தடவ சொல்லவும் சொல்லிட்டாக" என்றார்கள். ஆச்சி அந்தச் சீட்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "அவுகளும் எனக்கு இப்படி ஒண்ணு எழுதி வச்சிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நேயர்களே, உங்களில் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இருக்க மாட்டீர்கள். ஆனால் பிஸ்கட் டின் இல்லாத வீடு உண்டா? எலி மருந்து எந்தப் பாட்டிலில் இருக்கிறது? வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தை எந்தக் கலர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறீர்கள்? தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கடைசியாக யார் திறந்து பார்த்தது? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பேனாவும் காகிதமும் பசையும் எடுத்துக் கொள்ளுங்கள். உங்களுக்காக எழுத வேண்டாம். நீங்கள் வீட்டில் இல்லாத அன்றைக்கு அதைத் திறக்கப் போகிறவருக்காக எழுதுங்கள். பரணில் தோட்டா மாதிரி எதுவும் அகப்பட்டால், சீட்டு எழுதவும் உட்கார வேண்டாம். கதவைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது பேரன் வாசல்வரை வந்தான். "மாமா, அந்த டின்ல இப்ப ஆச்சி நெசமாவே பிஸ்கட் போட்டு வச்சிருக்கா!" என்றான். காலி டின் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்திருந்தது போலிருக்கிறது. ஆச்சி அதை நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, உள்ளே பிஸ்கட் நிரப்பி, பையன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருந்தார்.

இந்த மாகஸினைப் படித்து முடித்தபின் நீங்கள் வீட்டில் எங்கே வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். அதற்குப் பூட்டு வேண்டாம்.